ஒரே தண்ணீர், நாலு கோப்பு

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் வந்த இரவு. புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை. என் வீட்டுக் கூடத்தில் முழங்காலளவு தண்ணீர். நான் வாளியால் இறைத்துக்கொண்டிருக்கிறேன். என் மருமகள் குடிக்கக் கேன் தண்ணீர் கிடைக்குமா என்று கடைக்குப் போன் போடுகிறாள். எங்கள் கிணறு உப்புக்கரித்துப் பல வருஷமாகிறது.

இதை இயற்கையின் கோபம் என்பவர்களோடுதான் எனக்குச் சண்டை.

பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பூகோள வாத்தியார் ‘பஸ்ஸேன் வெர்சான்’ என்று ஒரு சொல் கற்றுத்தந்தார். பெய்த மழை எந்தப் பள்ளத்துக்கு ஓடிச் சேர்கிறதோ, அதுவரை உள்ள நிலமெல்லாம் ஒரே குடும்பம் என்று பொருள். பிறகு குமாஸ்தாவானேன். அங்கே கற்ற சொல், ‘இது நம் பிரிவைச் சேர்ந்ததல்ல’. அடைத்துப்போன வாய்க்கால் ஒன்றின் கோப்பு என் மேஜைக்கு மூன்று முறை வந்தது. மூன்று முறையும் அந்தக் குறிப்பை எழுதி அனுப்பியவன் நானே. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

பாருங்கள்: குடிநீரும் சாக்கடையும் பொதுப்பணித்துறையின் பொதுச் சுகாதாரக் கோட்டம். ஏரி அதே துறையின் பாசனக் கோட்டம். ஆழ்குழாய்க் கிணற்றுக்கு 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆணையம். தெருக் குப்பை நகராட்சி. ஊசுட்டேரியோ ஒரு பகுதி நம்முடையது, மறுபகுதி தமிழ்நாட்டினுடையது. தண்ணீருக்கு இந்த எல்லையெல்லாம் தெரியுமா?

‘ஒருங்கிணைப்புக் குழு போட்டாயிற்றே’ என்பார்கள். அப்படிப்பட்ட கூட்டங்களுக்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதியவன் சொல்கிறேன்: தேநீர் வரும், பிஸ்கட் வரும், அடுத்த கூட்டத்துக்குத் தேதி வரும். தனித்தனிப் பட்ஜெட்டோடு உட்கார்ந்திருப்பவர்கள் எதை ஒருங்கிணைப்பார்கள்?

பிரெஞ்சுக்காரர் ஆட்சியை நான் புகழ வரவில்லை. ஆனாலும் அந்தக் காலத்தில் ஏரிப்பாசனத்துக்கு ‘சேந்திக்கா’ என்ற விவசாயிகள் சங்கம் இருந்ததை நம்மில் சிலர் அறிவோம். ஏரியைக் கவனிக்க அதன் தண்ணீரைக் குடித்து வாழ்பவர்களுக்கு ஓர் அமைப்பு இருந்தது. இன்று நம் 84 ஏரிகளுக்கும் கோப்பு இருக்கிறது. பொறுப்பாளி யார் என்று கேட்டால் விரல் அடுத்த அறையைக் காட்டுகிறது.

நான் கேட்பது புதுக் கட்டடமல்ல. ஒவ்வொரு நீர்ப்பிடிப்புக்கும் ஒரே கணக்குப் புத்தகம்: எவ்வளவு மழை, எவ்வளவு தேங்கியது, எவ்வளவு உறிஞ்சினோம், எவ்வளவு கழிவு விட்டோம். அதற்கு ஒரே அதிகாரி. அவரிடம் பணம். அவரைக் கேள்வி கேட்க அந்த ஊர் ஆட்களுக்கு உரிமை.

என் வயதுக்காரர்களே, எந்தத் தெருவுக்கடியில் எந்த வாய்க்கால் ஓடியதென்று நமக்குத் தெரியும். தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வாங்க மறுக்கிறவரிடம் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். நாற்காலியில் இருந்த நாளில் நான் பயந்தது அதற்கு ஒன்றுக்குத்தான்.