வண்டி ஏறினால் யாருக்கு வலிக்கிறது?

தருமபுரியிலிருந்து திருப்பத்தூர் செல்லும் சாலையில் நாயக்கன்கொட்டாயைக் கடக்கும்போதெல்லாம், எரிந்து எலும்புக்கூடாய் நின்ற மோட்டார் சைக்கிள்கள்தான் என் நினைவுக்கு வருகின்றன. 2012 நவம்பர் 7 அன்று, சாதி மறுப்புத் திருமணம் ஒன்றைக் காரணமாக்கி, நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகள் சூறையாடப்பட்டன. இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் தீக்கிரையாயின. அன்று குறி வைக்கப்பட்டவை உடைமைகள்: பீரோ, தொலைக்காட்சிப் பெட்டி, வாசலில் நின்ற வண்டி. பெங்களூருவிலும் திருப்பூரிலும் உழைத்து வாங்கியவை அவை. உள்ளூர் நிலவுடைமையாளரின் கையை எதிர்பாராமல் ஒரு தலைமுறை தலையெடுத்துவிட்டது என்பதற்கான சாட்சியங்களாகவும் இருந்தன. பீரோ வீட்டுக்குள் இருக்கும். வண்டியோ ஊர்த்தெரு வழியே போகும்.

வண்டியைக் கண்டு எரிச்சலடையும் சமூகம் நம்முடையது மட்டுமல்ல. மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்களான சிக்கானோக்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பின், பழைய செவர்லே கார்களை வாங்கித் தரையைத் தொடுமளவு தாழ்த்தி, பளபளக்கும் வண்ணம் பூசி, கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் வீதிகளில் ஊர்வலம்போல் மெல்ல ஓட்டினார்கள். அந்தக் கார்களுக்கு ‘லோரைடர்’ என்று பெயர். சக்கர விளிம்புக்குக் கீழே காரின் உடல் இறங்கக் கூடாது என்று 1950களின் இறுதியில் கலிபோர்னியா சட்டம் போட்டது. அவர்களோ ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தி, காவலரைக் கண்டதும் காரை உயர்த்திக்கொண்டார்கள்! வீதிகளில் இப்படி மெல்ல வலம் வருவதைத் தடை செய்யும் அதிகாரம் 1980களில் நகரங்களுக்குத் தரப்பட்டது. இரண்டு தடைகளும் 2024 ஜனவரி 1 முதல் நீங்கின.

அங்கே சட்டமே வண்டியைத் துரத்தியது. இங்கே சட்டம் வண்டியின் பக்கம் நிற்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், அவர்கள் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்கிறது. ஒரு நாடாளுமன்றம் சைக்கிளைப் பெயர் சொல்லிக் காக்க வேண்டியிருந்தது என்பதை வாசிக்கையில் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

ஆயினும் 2025 பிப்ரவரியில், சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில், தலித் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டியதே காரணம் என்பது புகார். முன்விரோதம் என்ற விளக்கமும் கூடவே வந்தது. அந்த முன்விரோதம் எதிலிருந்து முளைத்தது என்று கேட்காத விசாரணை பாதி விசாரணைதான். (பெட்ரோல் டேங்கில் சாதிச் சின்னம் ஒட்டிக்கொண்டு பறக்கும் வண்டிகளைப் பார்த்து இங்கே எவருக்கும் கோபம் வந்ததாகத் தெரியவில்லை.)

தருமபுரி போன்ற மாவட்டங்களில் காவல் துறை செய்யக்கூடியது ஒன்று உண்டு. வண்டி ஓட்டியதற்காக மறிக்கப்பட்டேன் என்று ஒருவர் வந்து சொன்னால், கைகலப்பு என்று எழுதி அனுப்பிவிடாமல், வண்டியைப் பெயர் சொல்லும் அந்த உட்பிரிவிலேயே வழக்குப் பதிய வேண்டும். மறித்த அன்றே பதிய வேண்டும், கை வெட்டுப்படும்வரை காத்திருக்காமல்.