அநாதைகள் ஆக்கப்படும் பிள்ளைகள்: ஹைட்டியும் திருச்சபைகளின் நிவாரணப் பயணங்களும்

ஹைட்டியின் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸை ஒட்டிய மலைப்பகுதி கென்ஸ்கோஃப். 2025 ஆகஸ்ட் தொடக்கத்தில், அங்குள்ள கத்தோலிக்கப் பின்னணி கொண்ட அநாதை இல்லம் ஒன்றுக்குள் ஆயுதக் கும்பல் புகுந்தது. அயர்லாந்தைச் சேர்ந்த மறைப்பணியாளர் ஒருவரையும், மூன்று வயதுக் குழந்தை ஒன்றையும், இல்லத்தைச் சேர்ந்த வேறு சிலரையும் அது கடத்திச் சென்றது. மாத இறுதியில் அவர்கள் உயிருடன் மீண்டனர் என்பது பெரும் ஆறுதல். அந்த மறைப்பணியாளர் பல ஆண்டுகளாக மாற்றுத்திறனாளிக் குழந்தைகளோடு அங்கேயே வாழ்ந்து வந்தவர்; அவருடைய அர்ப்பணிப்பைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. ஆனால், அந்த வாரங்களில் உலக ஊடகங்களின் தலைப்புகளில் இருந்தவர் அவர் ஒருவரே. உடன் கடத்தப்பட்ட ஹைட்டியர்கள் 'மற்றும் சிலர்' ஆனார்கள்.

இதற்கு முந்தைய ஆண்டு, 2024 மே மாதத்தில், தலைநகரில் ஓர் ஊழிய நிறுவனத்தின் வளாகம் தாக்கப்பட்டபோதும் இதுவே நடந்தது. கொல்லப்பட்டவர்கள் மூவர்: அமெரிக்க இளம் தம்பதியர் இருவர், நிறுவனத்தின் ஹைட்டிய இயக்குநர் ஒருவர். தலைப்புச் செய்தியில் இறந்தவர்கள் இருவர்தாம். அதே 2024ஆம் ஆண்டில் ஹைட்டியில் கும்பல் வன்முறைக்குப் பலியானோர் 5,600க்கும் மேற்பட்டவர்கள் என்கிறது ஐ.நா. மனித உரிமை அலுவலகம். 2025 நடுப்பகுதியில் வீடிழந்து இடம்பெயர்ந்து கிடந்தோர் ஏறத்தாழ 13 லட்சம். சேரியில் எரிந்த வீடுகள் எண்ணிக்கையாகவும், ஊருக்குள் உடைந்த கண்ணாடி பெயரோடும் முகவரியோடும் செய்தியாவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள விளக்கவுரை தேவையில்லை.

ஒரு நாட்டின் துயரம் ஏன் அதற்கு உதவப் போனவர்களின் கதையாகவே சொல்லப்படுகிறது? இக்கேள்விக்கு விடை தேட வேண்டுமானால் 2010க்குத் திரும்ப வேண்டும்.

அவ்வாண்டு ஜனவரி 12 அன்று ஏற்பட்ட 7.0 அளவு நிலநடுக்கம் போர்ட்-ஓ-பிரின்ஸையும் அதன் மேற்கேயுள்ள லெயோகானையும் தரைமட்டமாக்கியது. இறந்தோர் தொகை இன்றுவரை பூசலுக்குரியது. ஹைட்டி அரசு 3 லட்சத்துக்கும் மேல் என்றது, வேறு மதிப்பீடுகள் அதைவிடக் குறைவு. ஏறத்தாழ 15 லட்சம் பேர் கூடாரங்களுக்கு வந்தனர். பதினேழு நாள்கள் கழித்து, ஜனவரி 29 அன்று, டொமினிக்கன் குடியரசின் எல்லையான மால்பாஸில் ஒரு பேருந்து நிறுத்தப்பட்டது. அதில் 33 ஹைட்டியக் குழந்தைகள் இருந்தனர்; பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் எவருமில்லை. அவர்களை அழைத்துச் சென்றவர்கள் பத்து அமெரிக்கர்கள். பெரும்பாலோர் ஐடஹோ மாநிலத்துப் பாப்டிஸ்ட் சபைகளைச் சேர்ந்தவர்கள். அநாதைகளைக் காப்பாற்றுவதாக அவர்கள் கூறினர். குழந்தைகளை நாட்டைவிட்டு வெளியேற்றுவதற்கான அரசு அனுமதி அவர்களிடம் இல்லை. பின்னர் தெரியவந்தது இன்னொன்று: அக்குழந்தைகளில் பெரும்பாலோர் அநாதைகளே அல்லர். தலைநகருக்கு வெளியே உள்ள கலேபாஸ் என்ற மலைக்கிராமத்தில் பெற்றோர் தங்கள் கையாலேயே பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிவிட்டிருந்தனர். படிக்க வைப்போம், நல்ல சாப்பாடு கிடைக்கும், நீங்கள் வந்து பார்க்கலாம் என்று சொல்லப்பட்ட சொற்களை அவர்கள் நம்பினர்.

கைதானவர்களில் எண்மர் பிப்ரவரியில் விடுவிக்கப்பட்டனர். குழுவின் தலைவி மட்டும் முறைகேடான பயண ஏற்பாட்டுக்காகத் தண்டிக்கப்பட்டு, சிறையிலிருந்த நாள்களே தண்டனையாகக் கொள்ளப்பட்டு மே மாதம் நாடு திரும்பினார். ஒரு ஹைட்டியர் பத்துப் பேராக அமெரிக்கா சென்று, ஐடஹோவின் ஏழைக் குடியிருப்பிலிருந்து 33 வெள்ளைக் குழந்தைகளை ஒரு பேருந்தில் ஏற்றி எல்லை கடக்க முயன்றிருந்தால் வழக்கு எப்படிப் போயிருக்கும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

அந்தப் பத்துப் பேரையும் கயவர்கள் என்று ஒதுக்கிவிட்டால் நம் வேலை எளிதாகிவிடும். அவர்களில் சிலர் உண்மையாகவே நம்பிப் போனவர்கள். சிக்கல் அவர்களுக்கு வெளியே, அவர்கள் போய்ச் சேர்ந்த அமைப்புக்குள் இருக்கிறது. ஹைட்டியில் அநாதை இல்லங்கள் என்ற பெயரில் இயங்குபவை 700க்கும் மேற்பட்டவை. அவற்றில் ஏறத்தாழ 30,000 குழந்தைகள். இவர்களில் ஐந்தில் நால்வருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் உயிரோடு இருக்கிறார் என்று லூமோஸ் என்ற குழந்தைகள் நல அமைப்பு 2017இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. பெரும்பாலான இல்லங்கள் அரசின் உரிமம் பெறாதவை. அவற்றுக்குப் பணம் தருவோரில் மிகப் பெரும்பான்மையினர் வெளிநாட்டுக் கிறித்தவ அமைப்புகளும் சபைகளும்; அதிலும் முதலிடம் அமெரிக்காவுக்கு.

இங்கே பணம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். கோடை விடுமுறையில் ஒரு வாரம் ஊழியப் பயணம் வரும் இளையோர் குழுவுக்குப் பார்க்கவும் தூக்கி வைத்துக்கொள்ளவும் குழந்தைகள் வேண்டும். திரும்பிச் சென்றதும் சபையில் காட்டுவதற்குப் படங்கள் வேண்டும். அந்தப் படங்கள் அடுத்த ஆண்டுக் காணிக்கையைக் கொண்டுவரும். குழந்தைகள் நிறைந்திருந்தால்தான் இல்லத்துக்கு நிதி; காலியான கட்டில் வருமான இழப்பு. ஆகவே கிராமங்களுக்குப் போய்ப் பிள்ளைகளைத் திரட்டும் முகவர்கள் உருவாகிறார்கள். வறுமையால் தவிக்கும் தாய் பிள்ளையை ஒப்படைக்கிறாள். தாய் இருக்கும் பிள்ளை தாளில் அநாதை ஆகிறது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை குழந்தை உரிமைகள் பற்றிய தன் தீர்மானத்தில், அநாதை இல்லங்களை முன்வைத்து நடக்கும் குழந்தைக் கடத்தலையும், அங்கு நடக்கும் தன்னார்வச் சுற்றுலாவின் கேட்டையும் குறிப்பிட வேண்டிய நிலை வந்தது இதனால்தான்.

திருச்சபைக்குள்ளிருந்தே இதற்கான எச்சரிக்கை வந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. 1968 ஏப்ரலில், மெக்சிகோவுக்குச் சேவைப் பயணம் புறப்பட்ட அமெரிக்க மாணவர்கள் முன் பேசிய இவான் இல்லிச் என்ற கத்தோலிக்கக் குருவானவர், உங்கள் நல்லெண்ணத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புங்கள் என்ற பொருள்பட முகத்துக்கு நேரே சொன்னார். 1998ஆம் ஆண்டு மிட்ச் சூறாவளிக்குப் பின் ஹோண்டுராஸில் வீடு கட்டச் சென்ற குழுக்களை ஆராய்ந்த கர்ட் வெர் பீக், ஒரு கிறித்தவக் கல்லூரியின் பேராசிரியர்தான். உள்ளூர்க் கிறித்தவ அமைப்பு ஏறத்தாழ 2,000 டாலரில் கட்டிய வீட்டுக்கு, விமானக் கட்டணம் முதலானவை சேர்த்து வெளிநாட்டுக் குழுக்கள் 30,000 டாலர் வரை செலவிட்டிருந்தன. வீட்டில் குடியேறியவர்களுக்கு அதை யார் கட்டினார்கள் என்பதால் பெரிய வேறுபாடு எதுவும் ஏற்படவில்லை. கட்டச் சென்றவர்களின் வாழ்க்கையிலும் நிலைத்த மாற்றம் அரிதாகவே தென்பட்டது. எஞ்சிய 28,000 டாலரில் பதினான்கு வீடுகள் எழுந்திருக்கும். உள்ளூர்க் கொத்தனார்களுக்கும் சித்தாள்களுக்கும் கூலி கிடைத்திருக்கும்.

ஹைட்டி ஏன் ஏழை என்ற கேள்வி பெரும்பாலான நிவாரணக் கூட்டங்களில் எழுவதில்லை. அடிமைகளாய்க் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் தாமே கிளர்ந்தெழுந்து 1804இல் பெற்ற விடுதலை அது. அதற்குத் தண்டனையாக, 1825இல் பிரான்சு போர்க்கப்பல்களை அனுப்பி, தான் இழந்த சொத்துக்கு ஈடாக 15 கோடி பிராங்குகள் கேட்டது. இழந்த சொத்து என்பதில் அந்த மனிதர்களும் அடக்கம். பின்னர் 9 கோடியாகக் குறைக்கப்பட்ட அத்தொகையையும் அதற்கான கடன்களையும் அடைக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை நாட்டை ஆண்டது. 1995இல் அரிசி மீதான இறக்குமதி வரி 50 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது; அமெரிக்க அரசின் மானியம் பெற்ற அரிசி வந்து குவிந்ததில் ஹைட்டிய நெல் உழவர்கள் நிலத்தைவிட்டு நகரத்துக் குடிசைகளுக்கு வந்தனர். நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்தவை அந்தக் குடிசைகளும்தான். அக்கொள்கை தன் மாநிலத்து உழவர் சிலருக்கு நன்மையாகவும் ஹைட்டிக்குத் தீங்காகவும் முடிந்ததென 2010 மார்ச்சில் பில் கிளிண்டனே ஒப்புக்கொண்டார்.

இந்த வரலாற்றை மறைக்க இன்னொரு வரலாறு சொல்லப்பட்டது. நிலநடுக்கத்துக்கு மறுநாள், அமெரிக்கத் தொலைக்காட்சி நற்செய்தியாளர் பாட் ராபர்ட்சன், விடுதலைக்காக ஹைட்டியர்கள் சாத்தானோடு உடன்படிக்கை செய்துகொண்டவர்கள், அதனால்தான் இந்தச் சாபம் என்று தம் நிகழ்ச்சியில் பேசினார். 1791 ஆகஸ்டில் புவா கைமானில் அடிமைகள் கூடி நடத்திய வூடூ வழிபாட்டையே, அதாவது உலகின் மாபெரும் அடிமைக் கிளர்ச்சியின் தொடக்கத்தையே, அவர் சாத்தானின் வேலை ஆக்கினார். அவருடைய நிறுவனமே அதே வாரத்தில் ஹைட்டிக்கு நிவாரணமும் திரட்டியது.

இந்த இடத்தில் நம் மண்ணின் ஒரு நினைவு குறுக்கிடுகிறது. 1934 ஜனவரியில் பீகாரில் நிலநடுக்கம். அடுத்த வாரம் திருநெல்வேலியில் பேசிய காந்தி, தீண்டாமை என்ற பாவத்துக்கு இறைவன் அளித்த தண்டனை அது என்றார். இயற்கை நிகழ்வை அறத்தீர்ப்பாக்குவதைத் தாகூர் மறுத்து எழுதினார். இரண்டையும் ஒன்றாக வைக்க முடியாது. ராபர்ட்சன் பழியை ஒடுக்கப்பட்டவர்மீது போட்டார். காந்தி ஒடுக்கியவர்மீது போட்டார். ஆயினும் இடிபாட்டுக்குள் இறந்து கிடந்தவர்களில் தீண்டாமைக்கு ஆளானவர்களும் இருந்தார்கள் அல்லவா? முற்பிறவி வினை என்று சொல்லி ஒரு மக்கள் கூட்டத்தின் இழிநிலையை நியாயப்படுத்தும் மரபில் வாழ்பவர்கள், சாபம் என்ற சொல்லை எந்த மதத்தின் வாயிலிருந்து கேட்டாலும் நின்று கவனிக்க வேண்டியிருக்கிறது.

பயணத்தின் திசையையும் கவனிக்க வேண்டும். 2021 அக்டோபரில் ஹைட்டியில் கடத்தப்பட்டு இரண்டு மாதம் வரை பிணையில் இருந்த 17 மிஷனரிகள், ஒஹாயோ மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நிறுவனத்தின் சார்பில் வந்தவர்கள். ஓர் அநாதை இல்லத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் சிக்கினர். அதே ஒஹாயோவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற சிறு நகரம். தொழிற்சாலைகளில் வேலை கிடைத்து ஆயிரக்கணக்கான ஹைட்டியர்கள் அங்கே குடியேறினர். 2024 செப்டம்பரில் அதிபர் தேர்தல் விவாத மேடையில், அவர்கள் அக்கம்பக்கத்தாரின் நாய்களையும் பூனைகளையும் தின்கிறார்கள் என்றார் டொனால்டு டிரம்ப். ஆதாரமற்ற பொய் அது. அடுத்த நாள்களில் வெடிகுண்டு மிரட்டலால் பள்ளிகள் மூடப்பட்டன. ஒரு மக்களை இழிவுபடுத்த அவர்கள் தட்டைக் காட்டுவது எவ்வளவு எளிதான வழி என்பதை மாட்டிறைச்சியின் பெயரால் அடிபட்டவர்கள் அறிவார்கள். அந்நகரத்தின் சில சபைகள் ஹைட்டியரின் பக்கம் நின்றன. அதையும் சொல்ல வேண்டும். ஆனால் 2025 ஜூனில் ஹைட்டியர் அமெரிக்காவுக்குள் நுழைவதற்குத் தடை வந்தபோது, போர்ட்-ஓ-பிரின்ஸுக்குக் குழு குழுவாக மக்களை அனுப்பிய சபைகளிலிருந்து எழுந்த குரல் அந்தப் பயணங்களின் அளவுக்குப் பெரிதாக இல்லை.

மாற்று வழிகள் ஹைட்டியிலேயே பிறந்தன. 1980களில் ஏழைகள் தாமே விவிலியத்தைப் படித்துத் தம் நிலையைப் பேசிய 'சின்னத் திருச்சபை' இயக்கம், சர்வாதிகாரத்தை எதிர்த்து நின்றது. அதிலிருந்து எழுந்த ஒரு குருவானவரான அரிஸ்டீடை மக்கள் 1990இல் அதிபராக்கினர். சில மாதங்களில் படையினர் அவரைக் கவிழ்த்தனர். மத்திய மேட்டுநிலத்தின் கான்ஜ் கிராமத்தில், ஹைட்டிய ஆங்கிலிக்கன் குருவான ஃபிரிட்ஸ் லாஃபோன்தான் தொடங்கிய பணியோடு மருத்துவர் பால் ஃபார்மர் இணைந்தார். அங்கே நோயாளியின் வீட்டுக்கு நாள்தோறும் மருந்து கொண்டுபோனவர்கள் அதே ஊரார். அதற்கு அவர்களுக்குச் சம்பளம் தரப்பட்டது. வெளிநாட்டவர் வந்தார்கள், ஆனால் ஊர் வேலை ஊராரின் கையில் இருந்தது. 2010 நிவாரணப் பணமோ நேர்மாறாகப் பாய்ந்தது. அவசரக்கால உதவியில் ஹைட்டி அரசின் கைக்கு நேரடியாகச் சென்றது ஏறத்தாழ 1 விழுக்காடு.

நிவாரணம் ஏற்கெனவே உள்ள ஏற்றத்தாழ்வின் வழியாகவே பாயும் என்பதை 2004 ஆழிப்பேரலையின்போது நாகப்பட்டினத்தில் கண்டோம். தலித் குடும்பங்கள் முகாம்களிலிருந்து விலக்கப்பட்டதையும், படகு இல்லாத கூலிகள் இழப்பீட்டுப் பட்டியலில் இடம்பெறாததையும் மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. உதவி கொண்டுவந்தவர்களில் கிறித்தவ நிறுவனங்களும் இருந்தன. கொண்டுவந்தவர்களுக்கு ஊரின் சாதி வரைபடம் தெரியவில்லை; தெரிந்த சிலர் தெரியாததுபோல் நடந்துகொண்டனர்.

அதே சமயம், மிஷன் விடுதிகள் இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தையே கண்டிராத தலித் தலைமுறைகள் தமிழகத்தில் உண்டு. அந்த விடுதிகளை ஹைட்டியின் இல்லங்களோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். ஒரு வேறுபாடு போதும்: விடுதிப் பிள்ளை கோடை விடுமுறையில் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பியது. அதற்கு வீடு இருக்கிறது என்பதை விடுதி மறைக்கவில்லை.

கலேபாஸ் குழந்தைகளும் சில வாரக் காப்பகவாசத்துக்குப் பின் குடும்பங்களிடம் சேர்க்கப்பட்டனர். அவர்களை ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டபோது பெற்றோர் முதலில் சொன்னது படிப்பைத்தான். ஹைட்டியில் பள்ளிகளில் ஐந்தில் நான்குக்கு மேல் தனியாருடையவை. கட்டணம் கட்ட முடியாதவன் பிள்ளைக்கு இடமில்லை. அந்தக் கட்டணத்தை வாங்கும் பள்ளிகள் பலவற்றின் பெயர்ப்பலகையில் ஒரு திருச்சபையின் பெயர் இருக்கிறது. ஒரு வாரப் பயணத்துக்கான ஒரு விமானச்சீட்டின் விலை, ஒரு பிள்ளையைப் பல ஆண்டுகள் தாயின் வீட்டிலிருந்தே அந்தப் பள்ளிக்கு அனுப்பப் போதுமானது.