வன்னியின் நிழல்

பிறருக்கு மகிழ்ச்சி தரும் மனிதரை மரத்துக்கு ஒப்பிடுவது பழைய வழக்கம். ஒப்புரவு அறிந்தவனிடம் சேரும் செல்வத்தைத் திருவள்ளுவர் ஊருக்குள் கனிந்து நிற்கும் மரமாகக் கண்டார். அவரே, எவராலும் விரும்பப்படாதவனின் செல்வத்தை ஊர் நடுவில் காய்த்த நச்சுமரம் என்றும் கூறினார். மரமாக இருந்தால் மட்டும் போதாது, எத்தகைய மரம் என்பதே முதன்மையானது என்று அவர் கருதியிருக்க வேண்டும். மக்கள் பேச்சிலும் இந்த இரட்டை நிலை உண்டு. நாலு பேருக்கு உதவுபவரைப் பழமரம் என்று புகழ்வர். உணர்ச்சியின்றி நிற்பவனை மரம் மாதிரி நிற்கிறான் என்று கடிந்துகொள்வர்.

இன்று பேச்சுப்போட்டி மேடைகளில் ஒரே மரம்தான் காட்டப்படுகிறது. அது கல்லடி பட்டாலும் கனி தரும். தன்னை வெட்ட வந்தவனுக்கும் நிழல் தரும். ஒரு சொல்லும் பேசாது. கேட்பவர் நெகிழ்ந்து கைதட்டுகின்றனர். ஆனால், இந்த அறிவுரை யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டில் தாய்க்கும் மூத்த மகளுக்கும் சொல்லப்படுகிறது. ஊரில் எளியவருக்குச் சொல்லப்படுகிறது. கல்லெறிபவனுக்கு எவரும் எதுவும் சொல்வதில்லை. கொடுப்பவரின் கடமையை மட்டும் பேசி, பெறுபவரின் கடமையை விட்டுவிடும் உவமை பாதி உவமையே ஆகும். அதன் மறுபாதியைக் காண ராஜஸ்தானத்தின் மணற்பரப்பில் நிற்கும் ஒரு மரத்திடம் செல்லலாம்.

அம்மரத்தைத் தமிழர் வன்னி என்பர். வடமொழியில் அது சமி, ராஜஸ்தானத்தில் கேஜ்ரி, பஞ்சாபில் ஜண்டு, தெலுங்கில் ஜம்மி, கன்னடத்தில் பன்னி. பாண்டவர் விராட நாட்டில் மறைந்து வாழச் சென்றபோது தம் படைக்கலங்களை ஒளித்து வைத்ததாகப் பாரதம் கூறுவது இம்மரத்தில்தான். பல மாநிலப் பிள்ளைகள் ஒன்றாக அமரும் வகுப்பறையில் இந்த ஒரு மரத்துக்கு எத்தனை பெயர்கள் வரும் என்று கேட்டுப் பார்ப்பது சுவையான பயிற்சி.

ராஜஸ்தான அரசு 1983ஆம் ஆண்டு வன்னியைத் தன் மாநில மரமாக அறிவித்தது. அதற்குத் தக்க காரணம் உண்டு. ஜெய்சல்மேர்ப் பகுதியில் ஆண்டு மழை சராசரியாக 200 மில்லிமீட்டர் அளவே பெய்கிறது. மே மாதத்தில் வெப்பம் 45 பாகையைத் தாண்டும். புல் கருகி, ஆடுகள் உணவின்றி வாடும் அந்தக் கோடையில்தான் வன்னி புதுத்தழை விடுகிறது. ஆழத்துக்குச் செல்லும் அதன் வேர், பிற செடிகள் எட்டாத நீரைத் தேடி எடுக்கிறது. இளங்காயைச் சாங்கிரி என்று பறித்து, வேகவைத்து, உலர்த்தி, ஆண்டு முழுவதும் கறி சமைக்கின்றனர். முற்றி இனித்த நெற்றைச் சிறுவர் மென்று தின்கின்றனர். தழை ஒட்டகத்துக்கும் ஆட்டுக்கும் தீவனமாகிறது. 1868–69ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் மக்கள் இதன் பட்டையை இடித்து மாவாக்கி உண்டு உயிர் தப்பினர். எல்லோரும் கொடுக்கக்கூடிய காலத்தில் கொடுப்பது ஒன்று. எவரிடமும் ஒன்றும் இல்லாத காலத்தில் கொடுப்பது வேறொன்று.

எனினும் வன்னியின் உயர்ந்த பண்பு அதன் காயிலோ தழையிலோ இல்லை, நிழலில் இருக்கிறது. ஆலமரத்தைப் போல அடர்ந்த நிழல் அன்று அது. வெயிலும் ஊடே விழும் மெல்லிய நிழல். அதனால் மரத்தடியிலேயே கம்பும் பச்சைப்பயறும் விளைகின்றன. உதிர்ந்த சிற்றிலைகள் எருவாகின்றன. வேர் மண்ணுக்குத் தழைச்சத்தைச் சேர்க்கிறது. ஆகவே உழவர் வயலின் நடுவில் வன்னி முளைத்தால் அதைப் பிடுங்குவதில்லை, சுற்றி உழுகின்றனர்.

இதனோடு வன்னியின் உறவுமரம் ஒன்றை ஒப்பிட வேண்டும். தமிழகத்தில் சீமைக்கருவேலம் என்று அறியப்படும் மரம் அது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. 1940ஆம் ஆண்டு ஜோத்பூர் அரசு அதற்கு அரசமரியாதை தந்து வளர்க்கச் செய்தது. பாலையைப் பசுமையாக்கும் என்ற நல்லெண்ணமே அதற்குக் காரணம். அதுவும் வறட்சியைத் தாங்குகிறது. விறகும் கரியும் தந்து பல ஏழைக் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அதை வெறும் பகைமரம் என்று தள்ளுவது நேர்மையாகாது. ஆனால் அடர்ந்து பரவிய இடத்தில் அதன் அடியில் புல்லும் பயிரும் தலையெடுப்பது அரிது. மனிதரிலும் இவ்விரு வகையினர் உண்டு. சிலர் வாரி வழங்குவர். ஆனால் அவர் நிழலில் நிற்பவர் வளர்வதில்லை, என்றும் கையேந்தியே நிற்பர். வேறு சிலர் கொடுப்பது குறைவாகத் தோன்றும்; பெற்றவர் சில ஆண்டுகளில் தாமாக நிமிர்ந்து நிற்பர். பிறரை மகிழ்வித்தல் என்னும் சொல் இரண்டாம் வகையினருக்கே பொருந்தும்.

இனி, பெறுபவரின் கடமை. ஜாம்பேஸ்வரர் என்னும் அருளாளர் 1485ஆம் ஆண்டு தம்மைப் பின்பற்றியோருக்கு 29 நெறிகளை வகுத்தார். இருபதும் ஒன்பதும் சேர்ந்த அந்த எண்ணாலேயே அவர்கள் பிஷ்னோய் எனப்பட்டனர். உயிர்களிடம் இரக்கம் கொள்வதும் பச்சை மரத்தை வெட்டாதிருப்பதும் அந்நெறிகளுள் அடங்கும். 1730ஆம் ஆண்டு ஜோத்பூர் அரசர் அபய் சிங்கின் கட்டடப் பணிக்குச் சுண்ணாம்பு சுட விறகு வேண்டியிருந்தது. வன்னி மரங்கள் நிறைந்த கேஜட்லி என்னும் சிற்றூருக்கு ஆட்கள் கோடரியோடு வந்தனர். அமிர்தா தேவி என்னும் பெண் மரத்தைத் தழுவி நின்றார், வெட்டுண்டு இறந்தார். அவருடைய மூன்று மகள்களும் அவ்வாறே உயிர் நீத்தனர். செய்தி அறிந்து சுற்றூர்களிலிருந்தும் பிஷ்னோய் மக்கள் வந்து மரங்களைத் தழுவினர். மொத்தம் 363 பேர் மாண்டனர் என்பது அம்மக்களின் வரலாறு. பின்னர் அரசர் அவர்களுடைய ஊர்களில் மரம் வெட்டுவதைத் தடை செய்தார்.

இந்நிகழ்ச்சியைத் தியாகம் என்னும் ஒரு சொல்லில் முடித்துவிடுகின்றனர். அதில் நன்றியும் இருக்கிறது. அவர்கள் தழுவியது தம் முன்னோரைப் பஞ்சத்திலிருந்து காத்த மரத்தை. மேடையில் வரும் மரம் வெட்டுபவனுக்கும் நிழல் தந்துகொண்டு பேசாமல் நின்றது. கேஜட்லியில் அம்மரத்தின் காயைத் தின்றவர்கள் அதற்காகப் பேசினர்.

அத்தகைய நன்றி எப்போதும் உயிரைக் கேட்பதில்லை. தெலங்கானாவில் தசரா நாளன்று ஜம்மி இலையைப் பொன் என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுப்பர். இளையோர் பெரியோர் கையில் இலையை வைத்து வணங்கி வாழ்த்துப் பெறுவர். விருத்தாசலம் சிவன் கோயிலின் தலமரமும் வன்னியே. கோயில் திருப்பணியில் உழைத்தவர்களுக்கு அம்மரத்தின் இலை கூலியாகத் தரப்பட்டது என்றும், அது அவரவர் உழைப்புக்கு ஏற்ற பொருளாக மாறியது என்றும் தலவரலாறு கூறுகிறது. இரு வழக்கங்களிலும் பொன்னாவது இலைதான், அடிமரம் அன்று. பறித்தால் மீண்டும் துளிர்க்கக்கூடியதையே முன்னோர் கொடைக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டனர்.

ராஜஸ்தானத்து உழவர் குளிர்காலத்தில் தீவனத்துக்காக வன்னியின் கிளைகளைக் கழிக்கின்றனர். பட்டறிவு உடையவர் முழுவதும் கழிப்பதில்லை. உச்சியில் சில கிளைகளை விட்டுவிடுவர். அண்மைக் காலத்தில் பல இடங்களில் இந்த அளவு தவறிவிட்டது. ஆண்டுதோறும் மொட்டையாகக் கழிப்பதாலும், நிலத்தடி நீர் இறங்கியதாலும், வேரைத் துளைக்கும் வண்டாலும் பூஞ்சையாலும் முதிய மரங்கள் நின்ற நிலையிலேயே காய்கின்றன. டிராக்டர் உழவில் இளங்கன்றுகள் அடிபட்டுப் போவதால் அவற்றின் இடத்துக்கு வேறு மரம் வருவதில்லை. மாட்டுக்கலப்பையால் உழுத முதியவர் கன்றைக் கண்ட இடத்தில் கலப்பையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, அதைக் கடந்த பின்னரே மீண்டும் மண்ணில் இறக்குவார்.