பல்லவனின் தெய்வமும் உழவனின் நிலமும்

2019 அக்டோபர் 11-ஆம் தேதி சீன ஜனாதிபதி ஜி ஜின்பிங்கும் நமது பிரதமர் நரேந்திர மோடியும் மாமல்லபுரத்துப் பாறைகளைச் சுற்றிப் பார்த்தார்கள். அன்று முதல் பத்திரிகைகளில் பல்லவ சாம்ராஜ்யத்தின் புகழ் கொடிகட்டிப் பறக்கிறது. 2020 டிசம்பரில் புதிய பாராளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய மேடையில் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பிரதமர் எடுத்துச் சொன்னார். 2023 மே 28-இல் அதே கட்டடத்தில் ஆதீனகர்த்தர்கள் சூழ்ந்து நிற்கச் செங்கோல் நாட்டப்பட்டது. பழைய ராஜாங்கங்களும் அவற்றின் தெய்வங்களும் இன்றைய அரசியலுக்கு அழைத்து வரப்படுகின்றன.

பழைய சரித்திரத்தைப் பேச வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நன்றாகப் பேசட்டும். ஆனால் முழுவதையும் பேச வேண்டும். மாமல்லபுரத்துக்கும் உத்திரமேரூருக்கும் எட்டிய தூரத்தில் இருக்கிறது படாளம். அங்கே சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டுகிற தொழிலாளியின் முன்னோர் அந்தச் சாம்ராஜ்யத்தில் எந்த இடத்தில் இருந்தார்கள்? இந்தக் கேள்விக்கு மேடையில் பதில் இல்லை. கல்லிலும் செம்பிலும் பதில் இருக்கிறது.

உலகத்தின் பெரிய சாம்ராஜ்யங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கலிங்கத்தில் ஒரு லட்சம் பேர் மாண்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள் என்று தன் சாசனத்திலேயே எழுதி வருந்திய அசோகன் தர்மத்தைப் பரப்பினான். அதே சாசனத்தில் காட்டில் வாழும் ஜனங்களுக்கு எச்சரிக்கையும் விட்டான். ரோமாபுரியில் அடிமைகளும் ஏழைகளும் மறைந்து மறைந்து கும்பிட்ட கிறிஸ்துவை, 313-இல் கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி ஏற்றுக்கொண்டான். 380-இல் அதுவே ராஜாங்க மதமாயிற்று. அதன்பின் அதே மதத்தின் பேரால் மற்றவர்கள் அடக்கப்பட்டார்கள். பாரசீகத்தில் மூன்றாம் நூற்றாண்டில் கர்தீர் என்னும் தலைமைப் புரோகிதன், யூதரையும் பௌத்தரையும் பிராமணரையும் கிறிஸ்தவரையும் ஒடுக்கியதைப் பெருமையாகக் கல்லில் வெட்டி வைத்தான்.

சீனாவின் கதை இன்னும் வெளிப்படையானது. 845-இல் தாங் வம்சத்து வூசுங் சக்கரவர்த்தி பௌத்த மடங்களின் மேல் பாய்ந்தான். 4600 மடங்கள் இடிக்கப்பட்டன. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்ஷுக்களும் பிக்ஷுணிகளும் வரி கட்டும் குடிகளாக்கப்பட்டார்கள். மடங்களின் நிலம் பறிக்கப்பட்டது, வெண்கலச் சிலைகளும் மணிகளும் உருக்கிக் காசாக்கப்பட்டன. தத்துவச் சண்டை என்றுதான் பேச்சு. கஜானா காலியாக இருந்தது என்பதுதான் விஷயம். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அந்த மடங்களில் ஒன்றரை லட்சம் அடிமைகள் இருந்தார்கள். சர்வ ஜீவ தயை போதித்த புத்தரின் பெயரால்!

இப்போது நம் தொண்டை மண்டலத்துக்கு வருவோம்.

சுமார் 640-இல் காஞ்சிக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், அங்கே நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த விஹாரங்களும் பதினாயிரம் பிக்ஷுக்களும், எண்பது தேவாலயங்களும், ஏராளமான ஜைனர்களும் இருந்ததாக எழுதினார். அதற்குச் சற்று முன்பு ஆண்ட மகேந்திரவர்மன் வேற்று நெறியிலிருந்து திரும்பி லிங்கத்தை வணங்கியதைத் திருச்சி மலைக் கல்வெட்டு சொல்கிறது. பாடலிபுரத்துச் சமணப் பள்ளியை இடித்துத் திருவதிகையில் கோயில் எடுத்தான் என்கிறது பெரியபுராணம். நகைச்சுவை நாடகம் எழுதத் தெரிந்த ராஜா அவன். மத்தவிலாசத்தில் காபாலிகனும் பிக்ஷுவும் ஒரு கபால ஓட்டுக்காகக் காஞ்சித் தெருவில் கட்டிப் புரளுகிறார்கள். ஓட்டைத் தூக்கிப் போனதோ ஒரு நாய்! சிரிக்கத் தெரிந்த இந்த வம்சமே சில தலைமுறைகளுக்குள் மாமல்லபுரத்துக் கல்லில், ருத்திரன் குடிகொள்ளாத நெஞ்சுடையோரை ஆறு முறை சபித்து எழுதி வைத்தது.

மதம் மாறியது, சரி. எது மாறவில்லை? ஆறாம் நூற்றாண்டில் சிம்மவர்மன் என்ற பல்லவன் வஜ்ரநந்தி என்ற ஜைன முனிவருக்கு நிலம் கொடுத்ததைப் பள்ளன்கோயில் செப்பேடு கூறுகிறது. எட்டாம் நூற்றாண்டில் நந்திவர்ம பல்லவமல்லன் வேதியர்களுக்கு நிலம் கொடுத்தான். தண்டந்தோட்டம் செப்பேட்டின்படி ஒரே ஊர் 308 வேதியர்களுக்குப் பங்கு போடப்பட்டது. பெறுகிறவன் மாறினான். கொடுக்கப்பட்ட பொருள் ஒன்றேதான்: உழுகிறவனின் நிலமும் அவன் உழைப்பும்.

1879-இல் காரைக்காலுக்கு அருகே காசாக்குடியில் கிடைத்த செப்பேட்டைப் பாருங்கள். அது பேசுவது நம் பக்கத்து ஊற்றுக்காட்டுக் கோட்டத்தைப் பற்றி. கொடுகொள்ளி என்ற ஊர் ஏகதீரமங்கலம் என்று பெயர் மாற்றப்பட்டு, ஜ்யேஷ்டபாத சோமயாஜி என்ற ஒரே வேதியருக்குத் தானமாகிறது. எல்லையைச் சுற்றிவந்து கல்லும் கள்ளியும் நட்டார்கள். சேயாற்றிலிருந்தும் வெஃகாவிலிருந்தும் திரையனேரியிலிருந்தும் கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுபோக அவருக்கு உரிமை. அந்தக் கால்வாயில் வேறு யாராவது கூடையால் நீர் இறைத்தாலோ, கிளை வாய்க்கால் வெட்டினாலோ, ஏற்றம் போட்டாலோ ராஜதண்டனை! சுட்ட செங்கல்லால் வீடு கட்டிக்கொள்ளவும் அவருக்கு அனுமதி தரப்படுகிறது. செங்கல் வீட்டுக்கே அனுமதி வேண்டுமென்றால் மற்றவர்கள் எதில் வாழ்ந்தார்கள் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

பல்லவர் செப்பேடுகளில் வரும் வரிப் பட்டியலும் ஒரு பாடம். குயவன் கட்டியது குசக்காணம். கள் இறக்கியவன் கட்டியது ஈழப்பூட்சி. ஆடு மேய்த்தவன் கட்டியது இடைப்பூட்சி. வண்ணான் துவைத்த கல்லுக்குப் பாறைக்காணம். கல்யாணம் செய்தால் கண்ணாலக்காணம். செக்குக்கு வரி, தறிக்கு வரி, தரகுக்கு வரி. தானம் கொடுத்த ஊரில் இவையெல்லாம் "பரிஹாரம்" என்கிறார்கள். குயவன் விடுதலை பெற்றான் என்று நினைத்துவிடாதீர்கள். இனி ராஜாவுக்கு வேண்டாம், தானம் பெற்றவருக்குக் கொடு என்பதே அதன் பொருள். சோழர் கல்வெட்டுகளில் "குடிநீங்காத் தேவதானம்" என்று ஒரு சொல் வருகிறது. உழுகுடியை வெளியேற்றாமல் கொடுத்த தேவர் நிலம். வெளியேற்றிக் கொடுத்ததும் உண்டு என்பதற்கு இதைவிட என்ன சாட்சியம் வேண்டும்?

மதத்தை நம்புகிற ஏழையை நாம் ஏளனம் செய்யவில்லை. பிறப்பால் உயர்வில்லை என்ற குரலைப் புத்தரிடமும் மகாவீரரிடமும் கேட்டுத்தான் ஜனங்கள் அவர்கள் பின்னால் போனார்கள். நந்தனாரும் திருப்பாணாழ்வாரும் பக்தியின் வாசலில் வந்து நின்றதும் அந்த ஏக்கத்தால்தான். ஏக்கம் ஜனங்களுடையது. அதன்மேல் கோபுரம் எழுப்பிக் கொண்டது ராஜாங்கம்.

அந்தக் கோபுரத்தைக் கட்டிய கைகள் யாருடையவை? செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்தேன் என்று மண்டகப்பட்டுக் கல்லில் மார்தட்டுகிறான் மகேந்திரன். செங்கல்பட்டை அடுத்த வல்லத்துக் குகைக் கோயிலில் அவனுக்குக் கீழ்ப்பட்ட கந்தசேனன் தன் பெயரையும் தகப்பன் பெயரையும் வெட்டிக் கொண்டான். உளி பிடித்தவன் பெயர் அங்கே இல்லை. ஆனால் மாமல்லபுரத்துக்கு மேற்கே பூஞ்சேரியில், யாரும் போய்ப் பார்க்காத ஒரு பாறையில் சில பெயர்கள் இருக்கின்றன. கேவாதப் பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன்... பட்டமில்லை, பிருதுமில்லை, வெறும் பெயர்கள். இரண்டு தலைவர்கள் வந்த தினத்தில் அந்தப் பாறைக்குச் செல்ல யாருக்கும் தோன்றவில்லை.

உத்திரமேரூரைச் சொல்லாமல் விடலாமா? பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் குடவோலைத் தேர்தல் இருந்தது உண்மை. கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது என்ற விதியும் இருந்தது. இன்றைய சில பெரிய மனிதர்கள் அதைப் படித்தால் நல்லது. ஆனால் நிற்பதற்குத் தகுதி என்ன? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி. பெண்ணுக்கும் இடமில்லை, கூலிக்கும் இடமில்லை. நூறு ஆண்டுகளுக்குள் ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டில் "தீண்டாச்சேரி" என்ற சொல்லும் வந்துவிட்டது. இதை ஜனநாயகத்தின் தாய் என்று சொல்வோர், தாய் யாருக்கு என்பதையும் சொல்ல வேண்டும்.

சாம்ராஜ்யங்கள் மாறின. 1763-இல் ஆற்காட்டு நவாபிடம் செங்கல்பட்டு ஜாகீரைப் பெற்றது கும்பினி. மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயிலில், கலெக்டர் லியோனல் பிளேஸ் துரையின் தர்மம் என்று எழுதியிருப்பதை இன்றும் காணலாம். கிறிஸ்தவ ராஜாவின் உத்தியோகஸ்தர் தாயார் சன்னதி கட்டிக் கொடுத்தார்! 1817-இல் ஏழாவது ரெகுலேஷன் மூலம் கோயில் சொத்துக்களின் மேற்பார்வையையே கும்பினி எடுத்துக் கொண்டது. ஜனங்களின் நம்பிக்கையைத் தொடாமல் வரி வசூலிக்க முடியாது என்பதைப் பல்லவனைப் போலவே வெள்ளைக்காரனும் புரிந்து வைத்திருந்தான்.

நிலமோ மிராசுதாரர் கையில் இருந்தது. 1891-இல் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் சர்க்காருக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். உழுகிற பறையர் மக்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, எதிர்த்துப் பேசினால் குடிசையும் போய்விடும் என்று அதில் விவரித்தார். ஆயிரத்து முந்நூறு ஆண்டு சாம்ராஜ்யப் பெருமையின் மறுபக்கம் அந்த அறிக்கைதான். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30-இல் உத்தரவு பிறந்து பஞ்சமி நிலம் வழங்கப்பட்டது. ராஜதானி முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது, பிறகும் தாழ்த்தப்பட்டோருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிலத்தில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போய்விட்டது. மாமல்லபுரத்தை அடுத்த காரணை கிராமத்து மக்கள் தங்கள் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடினார்கள். 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கி வெடித்தது. இருவர் உயிரிழந்தார்கள்.

பல்லவன் செப்பேட்டை மேடையில் விரித்துக் காட்டும் சர்க்கார்கள், 1892-ஆம் ஆண்டுப் பதிவேட்டையும் விரித்துக் காட்டட்டும். செங்கல்பட்டு, மதுராந்தகம், திருப்போரூர், திருக்கழுக்குன்றம் தாலுகா ஆபீஸ்களில் எந்த சர்வே நம்பர் பஞ்சமி நிலம், இன்று யார் அனுபவத்தில் இருக்கிறது என்ற பட்டியலை ஊர் ஊராக ஒட்ட வேண்டும். கோயில் நிலக் குத்தகைதாரர் பட்டியலும் அதன் பக்கத்தில் ஒட்டப்பட வேண்டும். மாமல்லபுரத்தில் அரசர்களின் பெயர்ப் பலகை நிற்கும் இடங்களில், பூஞ்சேரிப் பாறையில் உள்ள தச்சர்களின் பெயர்களையும் எழுதி வைக்க வேண்டும்.