ஒட்டுப் போட்ட கேர்னலும் ஒற்றை மனிதரின் உழைப்பும்

கலைப்பீடத்தில் படித்து, ஆசிரிய பீடங்களில் காலத்தைக் கழித்த ஒருவன் கணினி இயங்குதளத்தின் கேர்னலைப் பற்றி எழுதப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலச் சிலருக்குத் தோன்றக்கூடும். ஆயினும் நான் எழுத எடுத்துக்கொண்டது வெறும் நுட்ப விவகாரமன்று. பொதுச் சொத்தொன்றிலிருந்து ஒரு பிரதியை எடுத்துத் தமக்கேற்றவாறு திருத்தி, அத்திருத்தத்தை ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருப்பவர்களைப் பற்றியது. அவர்களது உழைப்பின் விலையை யார் கொடுக்கிறார்கள், கொடுக்காமல் விட்டால் யார் பாதிக்கப்படுகிறார்கள் என்பது பத்திரிகைக்காரன் கேட்க வேண்டிய கேள்விதான்.

கேர்னல் என்பது இயங்குதளத்தின் கருப்பகுதி. நினைவகம், வட்டு, வலையமைப்பு, செயலியின் நேரம் ஆகிய யாவற்றையும் பங்கிட்டுக் கொடுப்பது அதுவே. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய லினக்ஸ் கேர்னல் இன்று மூன்று கோடி வரிகளையும் கடந்து நிற்கிறது. அதன் மூலநிரல் எவருக்கும் கிடைக்கும். எவரும் அதனைத் திருத்தலாம். அவ்வாறு செய்யும் திருத்தத்தைத் தனியே ஒரு கோப்பாக எழுதிவைப்பதையே 'பட்ச்' என்கிறார்கள். நாம் ஒட்டு என்போம். இவ்வொட்டுகளை மூலநிரலின் மீது வரிசைப்படி இட்டு, தொகுத்து, பிறர் எளிதில் நிறுவிக்கொள்ளும் பொதியாக வழங்குபவரே அப்பொதியின் பராமரிப்பாளர்.

ஒட்டை ஒருமுறை போடுவது பெரிய காரியமன்று. அதனைத் தொடர்ந்து போட்டுக்கொண்டிருப்பதிலேதான் இடர்ப்பாடு இருக்கிறது. இரவுப்பணியிலிருந்த துணையாசிரியர்களுக்கு இது உடனே விளங்கும். வெளிநாட்டுச் செய்தி நிறுவனமொன்று மாலை ஆறு மணிக்கு ஒரு செய்தியை அனுப்புகிறது. அதன் நான்காம் பந்திக்குக் கீழே உள்நாட்டு விவரமொன்றை நீங்கள் சேர்க்கிறீர்கள். எட்டு மணிக்குத் திருத்திய செய்தி வருகிறது. சேர்க்கையை மீண்டும் செருகுகிறீர்கள். பத்து மணிக்கு வரும் செய்தியில் அந்த நான்காம் பந்தியே இல்லை. இப்போது உங்கள் சேர்க்கை எங்கே போகும்?

ஒட்டுக் கோப்பும் இவ்வாறே இயங்குகிறது. மாற்ற வேண்டிய இடத்தை அடையாளங் காண, அதற்கு மேலும் கீழும் வழமையாக மும்மூன்று வரிகளை அது குறித்து வைத்திருக்கும். அவ்வரிகள் மாறிவிட்டால் ஒட்டு ஏற்காது. நிராகரிக்கப்பட்ட துண்டு தனிக்கோப்பாக வந்து விழும். அது நல்வாய்ப்பு என்றே சொல்வேன். ஏனெனில் பிழை கண்ணுக்குத் தெரிகிறது. ஒட்டு சிக்கலின்றி ஏற்றுக்கொள்ளப்பட்டு, சுற்றியுள்ள நிரலின் பொருள் மட்டும் மாறிப்போயிருப்பதே பேராபத்து. செய்தியின் முதற்பந்தியில் உயிரிழந்தோர் தொகை மாறியிருக்க, நமது சேர்க்கை மட்டும் பழைய தொகையைச் சொல்லிக்கொண்டிருப்பதற்கு ஒப்பானது அது.

இதன் வேகத்தையும் கவனிக்க வேண்டும். ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை லினக்ஸின் புதிய பதிப்பு வெளிவருகிறது. ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள் இருக்கும். இடையிலே திருத்தப் பதிப்புகள் ஏறத்தாழ வாரத்துக்கொன்று வருகின்றன. அவற்றுட் பல பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பவை. தனிப்பொதியைப் பராமரிப்பவர் ஒரு மாதம் நோயுற்றுப் படுத்தால், அவரை நம்பியிருப்போரின் கணினிகள் அந்த ஒரு மாதமும் திறந்த வீடாகக் கிடக்கும்.

இந்தச் சுமையைத் தனியொருவராகச் சுமந்தவர்களுள் கொன் கோலிவாஸ் குறிப்பிடத்தக்கவர். அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் மயக்கமருந்து நிபுணராகப் பணிபுரிந்த மருத்துவர் அவர். நிரலெழுதத் தாமாகவே கற்றுக்கொண்டவர். பெருங்கணினிகளுக்கு ஏற்றவாறு வளர்ந்துகொண்டிருந்த லினக்ஸ், வீட்டு மேசையில் இருக்கும் சாதாரண கணினியில் பாட்டு விக்காமல் ஒலிக்கவும் சுட்டி தடங்கலின்றி நகரவும் வேண்டும் என்பதே அவரது கவலை. அதற்காகச் செயலியின் நேரத்தைப் பங்கிடும் பகுதியைத் திருத்தி, 'சி.கே.' என்ற பெயரில் ஒட்டுத்தொகுதியொன்றை வெளியிட்டு வந்தார். 2007இல் அவர் முன்வைத்த நியாயப் பங்கீட்டு அணுகுமுறை விவாதத்தில் இருந்தபோதே, இங்கோ மொல்னார் அதே அணுகுமுறையில் வேறொரு பங்கீட்டு முறையைச் சில நாட்களில் எழுதி முன்வைத்தார். கோலிவாஸின் பங்களிப்பை மொல்னார் அறிவிப்பிலேயே குறிப்பிட்டார். எனினும் 2.6.23ஆம் பதிப்பில் இடம்பெற்றது மொல்னாரின் நிரலே. அவ்வாண்டு ஜூலையில் கோலிவாஸ் விலகினார்.

2009இல் அவர் மீண்டும் வந்தார். ஆனால் இம்முறை தமது நிரலை மூலத்தில் சேர்க்குமாறு கேட்கவில்லை. வெளியே நின்றே பராமரித்தார். மருத்துவமனைப் பணிக்கு அப்பாலுள்ள நேரத்தில், ஒவ்வொரு புதிய கேர்னலுக்கும் தமது ஒட்டைப் பொருத்திக் கொடுத்துவந்து, 2021இல் நிறுத்திக்கொண்டார். உலகெங்கும் அவரது ஒட்டைக் கொண்ட பொதிகளை நிறுவியவர்கள் பலர். அவர்களுள் எத்தனை பேர் நன்றி சொன்னார்கள், எத்தனை பேர் "புதிய பதிப்பு எப்போது வரும்?" என்று மட்டும் கேட்டார்கள் என்பதை எவரும் கணக்கெடுக்கவில்லை.

இதற்கு நேர்மாறான வரலாறும் உண்டு. தொழிற்சாலை இயந்திரங்களுக்கும் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கும் குறித்த கணத்தில் தவறாமல் பதிலளிக்கும் கேர்னல் வேண்டும். அதற்கான 'ரியல்டைம்' ஒட்டு 2004ஆம் ஆண்டளவில் தொடங்கியது. தோமஸ் கிளெய்க்ஸ்னரும் அவரது தோழர்களும் அதனை வெளியே பராமரித்தபடியே, துண்டு துண்டாக மூலத்துக்குள் நகர்த்தினார்கள். நுண்ணிய நேரங்காட்டிகள், புதிய பூட்டு முறைகள், பூட்டுச் சரிபார்ப்பு எனப் பல அங்கங்கள் முதலில் உள்ளே போயின. இறுதித் தடையாக நின்றவற்றுள் ஒன்று, கேர்னல் தனது செய்திகளை வெளியிடும் 'பிரின்ட்கே' என்ற பகுதி. கடைசியில் அச்சிடுவதிலேதான் தாமதம் ஏற்பட்டது என்பதைப் படித்தபோது, பத்திரிகைக்காரனான எனக்குச் சிரிப்பு வந்தது. 2024 செப்டெம்பரில் அது ஏற்றுக்கொள்ளப்பட்டு, நவம்பரில் வெளியான 6.12ஆம் பதிப்பில் இடம்பெற்றது. இருபது ஆண்டுகள்! இடையிலே நிதி வற்றி, 2015இல் லினக்ஸ் பவுண்டேஷன் தனித்திட்டமொன்றை அமைத்த பின்னரே இப்பணி உறுதியாகக் காலூன்றியது. அதே 6.12ஆம் பதிப்பிலேயே, பங்கீட்டு முறையை வெளியிலிருந்து மாற்றிக்கொள்ளும் வசதியும் சேர்க்கப்பட்டது. கோலிவாஸ் போன்றோர் விரும்பிய நெகிழ்வு, அவர் ஓய்ந்து மூன்றாண்டுகளின் பின் வந்து சேர்ந்தது.

இவையெல்லாம் ஆர்வலர்களின் பிரச்சினை, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். உங்கள் சட்டைப்பையில் இருப்பது அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியாயின், அதற்குள் இருப்பதும் ஒட்டுப் போட்ட லினக்ஸ் கேர்னலே. மூலத்திலிருந்து எடுக்கும் கேர்னலில் கூகுள் தனது ஒட்டுகளைப் போடுகிறது. அதன்மீது சிப் தயாரிப்பாளர் போடுகிறார். அதற்கும் மேலே தொலைபேசி உற்பத்தியாளர் போடுகிறார். மூலத்தில் அடைக்கப்பட்ட ஓட்டை இத்தனை கைகளையும் தாண்டியே உங்களிடம் வர வேண்டும்.

வராமற் போனால் என்னவாகும் என்பதற்கு 2019இல் ஒரு சான்று கிடைத்தது. அன்ட்ரொயிட்டின் 'பைண்டர்' என்னும் பகுதியிலிருந்த ஓட்டையொன்று மூலத்தில் ஏற்கெனவே அடைக்கப்பட்டிருந்தது. ஆனால் கூகுளின் பிக்சல் 2 உட்படப் பல தொலைபேசிகளுக்கு அத்திருத்தம் போய்ச் சேரவில்லை. அவ்வோட்டை தாக்குதலுக்குப் பயன்படுத்தப்படுவதாகக் கூகுளின் பாதுகாப்பு ஆய்வாளர்களே அவ்வாண்டு ஒக்டோபரில் வெளிப்படுத்தினார்கள். வேவு மென்பொருள் விற்கும் நிறுவனமொன்றின் பெயரும் அதனோடு சேர்த்துப் பேசப்பட்டது. செய்தி தருபவரின் பெயரைக் காப்பாற்ற வேண்டிய நிலையிலுள்ள ஊடகவியலாளர் ஒருவருக்கு, பராமரிக்கப்படாத ஒட்டு என்பது உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம். பின்னர், அன்ட்ரொயிட் 12 உடன் 5.10ஆம் கேர்னலைக் கொண்டு வெளிவந்த கருவிகள் முதல், கேர்னலின் கருவைப் பொதுவாக வைத்து உற்பத்தியாளர்களின் சேர்க்கைகளைத் தனியே பிரிக்கும் ஏற்பாட்டைக் கூகுள் கட்டாயமாக்கியது. ஆனால் ஒட்டுகள் பல்கிப் பெருகிய பின்னரே அந்த ஞானம் பிறந்தது.

தமிழருக்கு இந்தப் பாடம் புதிதன்று. இலங்கைப் பத்திரிகைக் காரியாலயங்களில் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட காலத்தை எண்ணிப் பாருங்கள். அதுவும் ஒருவகை ஒட்டுத்தான். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஒட்டிவைத்தோம். அன்றைய தேவைக்கு அது கைகொடுத்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியிலோ நமது கட்டுரைகள் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தன. 1991இலேயே தமிழைச் சேர்த்துக்கொண்ட யுனிகோட் என்னும் பொது மூலத்துக்கு நாம் மெல்ல மெல்ல வந்து சேர்ந்த பின்னரே, நாம் எழுதியதை உலகில் எவரும் தேடிப் படிக்க முடிந்தது. வராமல் விடப்பட்ட பழைய கோப்புகள் வட்டுகளில் கிடந்து மடிகின்றன.

ஆகவே எனது கருத்து இதுதான். தனித்து ஒட்டுப் போடும் உரிமை விலைமதிப்பற்றது. அவ்வுரிமை இல்லாதிருந்தால் ரியல்டைம் கேர்னல் பிறந்தே இராது. ஆனால் ஒட்டு என்பது கடன். வட்டி மாதந்தோறும் ஏறும். தனிப்பொதி பராமரிப்பவர் என்றோ ஒருநாள் அப்பொதி தேவையற்றுப் போவதையே இலக்காகக் கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஒட்டும் எதற்காகப் போடப்பட்டது, எந்த நிலையில் அகற்றலாம் என்பதை எழுதிவைக்க வேண்டும். தொடர இயலாத நாள் வரும்போது, அதனை முன்கூட்டியே சொல்லிவிட்டு விலக வேண்டும். சொல்லாமல் கைவிடுவதே துரோகம்.

மூலத்தின் வாயிலில் நிற்பவர்களுக்கும் கடமை உண்டு. மறுப்பது அவர்களது உரிமை, அவமதிப்பது உரிமையன்று. 2018 செப்டெம்பரில் டோர்வால்ட்ஸ் தமது கடுஞ்சொற்களுக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கோரியதும், கேர்னல் சமூகம் நடத்தைக் கோவையொன்றை ஏற்றதும் அதன் ஒப்புதலாகும். பண்பற்ற மறுப்பு ஒவ்வொன்றும் வெளியே இன்னொரு தனி ஒட்டைப் பிறப்பிக்கிறது.

எஞ்சியிருப்பவர்கள் பயனாளர்களாகிய நாம். பெருநிறுவனங்கள் பணம் ஈட்டும் பொறிகளுக்கு அடியில், ஊதியமின்றி உழைக்கும் தனிமனிதர்கள் இருக்கிறார்கள். நீண்டகாலப் பதிப்புகளுக்கு ஆறாண்டு வரை கிடைத்துவந்த ஆதரவு இரண்டாண்டாகச் சுருங்கும் என 2023இல் அறிவிக்கப்பட்டபோது, சொல்லப்பட்ட காரணங்களுள் பராமரிப்பாளர்களின் களைப்பும் ஒன்று. பயன்பெறும் நிறுவனங்கள் இதற்கெனச் சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டும். சாதாரண பயனாளர், தாம் நிறுவும் பொதியை யார் காக்கிறார், கடைசியாக எப்போது புதுப்பித்தார் என்பதையாவது பார்த்து நிறுவ வேண்டும். புதிய பதிப்பு எப்போது என்று அவருக்கு எழுதுமுன், பழையதற்கு நன்றி என்று ஒரு வரி எழுதுவதும் நல்லது.