உழைக்கும் ஊரிலேயே வீடு: சென்னை மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

அன்பார்ந்த சென்னை மக்களே,

நாங்கள் இந்நகரின் அடுக்ககங்களிலும், கால்வாயோரக் குடிசைப் பகுதிகளிலும், குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளிலும் வசிப்பவர்கள். ஒரே கோரிக்கையோடு உங்களிடம் வருகிறோம்: நகரத்துக்காக உழைப்பவர்களுக்கு நகரத்துக்குள்ளேயே வீடு வேண்டும்.

கடந்த 25 ஆண்டுகளாகக் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் நகர விளிம்பிலுள்ள கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்படுகின்றன. கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். தலைக்கு மேல் கான்கிரீட் கூரை கிடைத்தது; பிழைப்பு கைவிட்டுப் போனது. மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் வேலை பார்த்த பெண்ணுக்கு, 20 கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து திரும்பினால் இரண்டு வீடுகளுக்குத்தான் நேரம் இருக்கிறது. பரீட்சை நெருங்கும் மாதங்களில் வீட்டைக் காலி செய்யச் சொன்னால் பிள்ளைகளின் படிப்பு பாதியில் நிற்கிறது. வெள்ள அபாயத்தைக் காரணம் காட்டித்தான் ஆற்றங்கரைக் குடும்பங்கள் பலவற்றை வெளியேற்றினார்கள். ஆனால் செம்மஞ்சேரியிலும் பெருமழைக் காலத்தில் வெள்ளம் சூழ்கிறது.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது, அங்கு வாழ்ந்த ஒருவர் தீக்குளித்து இறந்தார். இன்னொரு உயிர் அப்படிப் போகக் கூடாது.

ஆபத்தான கரையிலேயே மக்கள் இருக்கட்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அரசு அவர்களை எங்கே குடியமர்த்துகிறது, அவர்களைக் கேட்டுத்தான் செய்கிறதா என்பதே எங்கள் கேள்வி. 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்ட காலத்தில், நொச்சிக்குப்பம் போன்ற இடங்களில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் எழும்பின. அன்று முடிந்தது இன்றும் முடியும். பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று 1985-இல், மும்பை நடைபாதைவாசிகள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

சென்னைப் பெருநகருக்கு 2046 வரைக்கான மூன்றாம் முழுமைத் திட்டம் உருவாகிவருகிறது. எந்த நிலம் எதற்கு என்பதை அடுத்த 20 ஆண்டுகளுக்கு வகுக்கப்போவது அதுதான். ஆகவே நாம் சேர்ந்து கேட்போம்:

1. ஒவ்வொரு மண்டலத்திலும் குறைந்த வருமானக் குடும்பங்களின் வீடுகளுக்கென அரசு நிலம் ஒதுக்கப்பட வேண்டும்.

2. இடமாற்றம் தவிர்க்க முடியாதபோது, வேலைக்கும் பள்ளிக்கும் எட்டும் தூரத்தில் மாற்று வீடு தயாரான பின்பே பழைய வீட்டில் கை வைக்க வேண்டும்.

3. கல்வியாண்டின் நடுவிலும் மழைக்காலத்திலும் யாரையும் வெளியேற்றக் கூடாது.

4. கணக்கெடுப்பு, பயனாளிகள் பட்டியல், திட்ட வரைபடம் அனைத்தும் தமிழில், அந்தந்தப் பகுதி மக்கள் முன் வைக்கப்பட வேண்டும்.

உங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டத்துக்கு வாருங்கள். இந்த நான்கையும் தீர்மானமாக முன்மொழியுங்கள். முழுமைத் திட்ட வரைவின் மீது கருத்துக் கேட்கும்போது எழுத்தில் கொடுங்கள். உங்கள் அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். குடிசைவாசிகள் மட்டும் கேட்டால் தங்களுக்காகக் கேட்கிறார்கள் என்று அதிகாரிகள் ஒதுக்கிவிடுவார்கள். தெரு முழுவதும் கேட்டால் ஒதுக்க முடியாது.

இப்படிக்கு,
சென்னையில் வாழும், உழைக்கும் உங்கள் அக்கம்பக்கத்தார்