மஞ்சள் இலைக்கெல்லாம் யூரியாவா?

இடம்பெயர்ந்து வந்த கமக்காரன் தன்னோடு எதைக் கொண்டு வந்தான்? காணியைக் கொண்டுவர முடியாது. கிணற்றைக் கொண்டுவர முடியாது. இறைப்பு இயந்திரத்தையும் விதை வெங்காயத்தையும் போட்டது போட்டபடி விட்டு வந்தவர்களே எம்மில் பலர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களுக்கும், 2009 வரை வன்னியில் இடம்விட்டு இடம் மாறியவர்களுக்கும் இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் ஒன்று மட்டும் எம்முடனேயே வந்தது. பயிரின் நிறத்தைப் பார்த்து அதன் குறையை அறியும் கண் அது. இன்று அந்தக் கண்ணையும் பசளைக் கடையில் அடைவு வைத்துவிட்டோமோ என்பதே எமது கவலை.

பிறர் காணியில் குத்தகைக்குச் செய்கிறோம். மண் புதிது, தண்ணீர் புதிது. இலை சற்று மஞ்சளித்தால் நெஞ்சு பதைக்கிறது. கடைக்கு ஓடுகிறோம். "யூரியா போடுங்கோ" என்கிறார்கள். கடனுக்கு வாங்கிப் போடுகிறோம். மஞ்சள் மாறவில்லை என்றால் இன்னொரு பை. விளைச்சல் வருமுன்பே கடன் வந்துவிடுகிறது. மஞ்சள் என்பது ஒரே நோயல்ல என்பதை நாம் மறந்துவிட்டதால் வந்த வினை இது.

இலைக்குப் பச்சை நிறத்தைக் கொடுப்பது பச்சையம் என்னும் நிறப்பொருள். சூரிய ஒளியில் சிவப்பையும் நீலத்தையும் பிடித்து அது உணவாக்கத்துக்குப் பயன்படுத்துகிறது. பச்சையை அந்தளவுக்குப் பிடிப்பதில்லை. அதனாலேயே இலை பச்சையாகத் தெரிகிறது. பச்சையத்தின் நடுவில் ஒரு மகனீசிய அணுவும், அதைச் சுற்றி நான்கு நைதரசன் அணுக்களும் உள்ளன. பச்சையத்தில் இரும்பு இல்லை. ஆனால் அதை உருவாக்க இரும்பு வேண்டும். ஆகவே நைதரசன், மகனீசியம், இரும்பு ஆகிய மூன்றில் எது குறைந்தாலும் பச்சை மங்கும். அப்போது, இலையில் ஏற்கெனவே மறைந்திருந்த கரோட்டின் போன்ற மஞ்சள் நிறப்பொருள்கள் வெளியே தெரியும். மஞ்சள் புதிதாக வந்ததன்று. பச்சை போனதால் தெரிந்தது.

எது குறைந்தது என்று எப்படி அறிவது? மஞ்சள் எங்கே தொடங்கியது என்று பாருங்கள். நைதரசன் குறைந்தால், தாய் தன் பங்கைப் பிள்ளைக்குக் கொடுப்பதுபோலச் செடி தன் பழைய இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்குக் கொடுக்கும். ஆகவே அடியிலை முழுவதும் மஞ்சளிக்கும். மகனீசியம் குறைந்தாலும் அடியிலைதான். ஆனால் நரம்பு பச்சையாக இருக்க, இடைவெளி மஞ்சளிக்கும். இரும்பைச் செடியால் அப்படி எடுத்துக் கொடுக்க முடியாது. ஆகவே குருத்திலையே வெளிறும். நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இது அடிக்கடி நிகழும். அங்கே மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடிவதில்லை. இதற்கு யூரியா மருந்தல்ல. கூட்டெரு உதவும், தேவையாயின் இரும்புச் சல்பேற்றைக் கரைத்து இலையில் தெளிக்கலாம்.

உழுந்திலும் பயற்றிலும் இலை பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக இருந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரசு நோயாக இருக்கலாம். அதற்கு யூரியாவைக் கொட்டி என்ன பயன்? தண்ணீர் தேங்கி வேர் மூச்சுத் திணறினாலும் இலை மஞ்சளிக்கும். அதற்கு வேண்டியது மண்வெட்டியும் ஒரு வாய்க்காலும்தான்.

நிறம் மண்ணுக்கு மேலே மட்டும் இல்லை. பூக்கும் பருவத்தில் ஓர் உழுந்துச் செடியை மண்ணோடு மெதுவாகக் கிண்டி எடுங்கள். வேரிலுள்ள சிறு முடிச்சொன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் மகிழுங்கள். அங்கே வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்குப் பசளையாக்கிக் கொண்டிருக்கின்றன. அந்தச் சிவப்பு, எமது இரத்தத்தின் சிவப்புக்கு உறவானது. இரண்டிலும் இரும்பு உண்டு. பற்றீரியாக்கள் மூச்சுவிடவும் வேண்டும், ஆனால் ஒட்சிசன் மிகுந்தால் அவற்றின் வேலை கெட்டுவிடும். ஒட்சிசனை அளந்து கொடுப்பது இந்தச் சிவப்பு நிறப்பொருளே. உள்ளே வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை என்று கொள்ளலாம். காய் முற்றும் காலத்தில் முடிச்சு பச்சையாகவோ மண்ணிறமாகவோ மாறுவது இயல்பு. சிவந்த முடிச்சுள்ள தோட்டத்துக்கு யூரியாவை அள்ளிப் போட்டால், செடி முடிச்சு உண்டாக்குவதையே குறைத்துக்கொள்ளும். இலவசமாகக் கிடைப்பதை நிறுத்திவிட்டுக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

நட்டம் காசோடு முடிவதில்லை. பயிர் எடுக்காத நைதரசன் கீழிறங்கிக் கிணற்றைச் சேரும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கற் பகுதியில் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குக் குறித்த அளவான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அத்தகைய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கக்கூடும்.

இரசாயனப் பசளையே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. 2021இல் அதன் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது ஏழைக் கமக்காரன் பட்ட பாட்டை நாம் கண்டோம். அந்த ஆண்டே அரசு பின்வாங்கவும் நேர்ந்தது. பயிருக்கு நைதரசன் வேண்டும். வேண்டியபோது, வேண்டிய அளவு கொடுக்க வேண்டும் என்பதே எமது வாதம். நெல்லுக்கு இதற்கென ஓர் எளிய கருவியும் உண்டு. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய இலை நிற அட்டையில், வெளிர்பச்சை முதல் கரும்பச்சை வரை பட்டைகள் உள்ளன. முழுதாக விரிந்த இளம் இலையை, உடல் நிழலில் வைத்து அட்டையோடு ஒப்பிட வேண்டும். பத்து இலைகளில் பாதிக்கு மேல் குறித்த பச்சையைவிட வெளிறியிருந்தால் மட்டுமே யூரியா. உங்கள் நெல்லினத்துக்குரிய பட்டை எது என்பதை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியுங்கள்.

எனவே எமது வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை இலை மஞ்சளித்தால் கடைக்குப் போகுமுன் தோட்டத்துக்குள் போங்கள். அடியிலையா, குருத்திலையா என்று பாருங்கள். ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். அயலிலுள்ள மூத்த கமக்காரரிடம் காட்டுங்கள். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். முகாமிலும் பிறர் வளவிலும் வளர்ந்த அவர்களுக்கு இதை வேறு யார் சொல்லிக் கொடுப்பார்? கமக்காரர் அமைப்புகளும் மாதர் சங்கங்களும் மாதம் ஒரு நாளையாவது இதற்கென ஒதுக்கலாம். காணி திரும்பக் கிடைக்கும் நாளில், அதைப் பார்க்கத் தெரிந்த கண்ணும் எமது வீட்டில் இருக்க வேண்டும்.